காகிதத்துக்குத் தண்ணி காட்டியவர்

மாட்டுக்கு வைத்தியம் பார்க்கச் சொல்லி அரசாங்கம் சம்பளம் கொடுத்து அனுப்பி வைக்க, மாட்டை விட்டுவிட்டு அதன் முதுகில் உட்கார்ந்திருக்கும் குருவியையே பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவரோடு ஒரே கூரையின் கீழ் குடியிருக்கும் பாக்கியம் எனக்கு வாய்த்தது. பாக்கியம் என்று இப்போது எழுதுகிறேன். அப்போது வேறு வார்த்தை சொல்லிக்கொண்டிருந்தேன். அதைப் பத்திரிகையில் போட மாட்டார்கள்.

எண்பதுகளின் தொடக்கம். வட ஆற்காடு மாவட்டம் இன்னும் துண்டு போடப்படாமல் முழுசாக இருந்த காலம். ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் ஒன்றிய அலுவலகத்துக்கு என்னை கிளார்க்காகப் போட்டார்கள். போளூரில் ஏறிய பஸ் மலையைச் சுற்றிச் சுற்றி, என் வயிற்றிலிருந்த இட்லியையும் கூடவே சுற்றவைத்து, உச்சி வெயிலில் இறக்கிவிட்டது. தலையில் படுக்கைச் சுருள், கையில் டிரங்குப் பெட்டி. நாலு எட்டு வைத்திருப்பேன். ரோட்டோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த ஒருவர் கையை உயர்த்தி, "ஆடாத!" என்றார்.

பாம்பு என்று நினைத்து அப்படியே நின்றுவிட்டேன்.

"மூச்சு வுடாத!"

விடவில்லை. என் குலதெய்வத்தை நினைத்துக்கொண்டேன்.

"காலாண்ட கொண்டலாத்தி மேயுது. குனிஞ்சு பார்க்காத. நீ பார்த்தா அது பூடும்."

அவர் மடியில் ஒரு பலகை, பலகைமேல் காகிதம், கையில் ஒரு மெல்லிய தூரிகை. நான் பெட்டியோடு நிற்க, அவர் சாவகாசமாக வரைந்துகொண்டிருந்தார். கடைசியில் என் கை மரத்துப்போய் டிரங்குப் பெட்டி தடால் என்று விழுந்தது. வரிக்குதிரைபோல் கோடு போட்ட இறக்கையை விரித்து அந்தப் பறவை பறந்துபோனது. அவர் என்னை, கொலைகாரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"கொண்ட பாதிதான் ஆச்சு. யாரு நீ?"

"புது கிளார்க்குங்க."

"எங்க தங்கப்போற?"

"இனிமேதாங்க பார்க்கணும்."

"நம்ம வூட்லயே தங்கிக்கயேன். எடம் கீது." தூரிகையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "ஆனா ஒண்ணு. இப்ப நின்ன மாதிரி, சொன்னப்பல்லாம் நிப்பியா?"

இப்படித்தான் நான் குருவி டாக்டரின் வீட்டுக்குக் குடிபோனேன்.

அவருடைய நிஜப் பெயர் கால்நடை மருந்தகத்து வாசலில் ஒரு பலகையில் எழுதியிருந்தது. ஆனால் அதைப் படித்தவர் யாரும் இல்லை. பலகையின்மேல் சிட்டுக்குருவி கூடு கட்டி, பெயரையும் பட்டத்தையும் வெள்ளையடித்து வைத்திருந்தது. துடைக்கப்போன வாட்ச்மேனை, "உன் வூட்ட எவனாவது வந்து தொடச்சா சும்மா இருப்பியா?" என்று டாக்டர் விரட்டிவிட்டார். அதனால் மலை முழுக்க அவர் குருவி டாக்டர்தான். கணியம்பாடிப் பக்கத்துக்காரர், கல்யாணம் ஆகாதவர், நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். பெண் பார்க்கப் போன ஒரு வீட்டில் காபி கொண்டுவந்த பெண்ணைப் பார்க்காமல், ஜன்னலுக்கு வெளியே முருங்கை மரத்தில் இருந்த தேன்சிட்டைப் பார்த்துவிட்டு வந்ததாகவும், 'பிடிச்சிருக்கா?' என்று கேட்டதற்கு, 'மூக்கு ரொம்ப நல்லா வளைஞ்சிருக்குது' என்று சொன்னதாகவும், அத்தோடு அந்தச் சம்பந்தம் நின்றுபோனதாகவும் அவரே சொன்னார். வருத்தமாகச் சொல்லவில்லை. அந்தத் தேன்சிட்டின் படத்தைக் காட்டிக்கொண்டே சொன்னார்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். வைத்தியத்தில் அவர் கைராசிக்காரர். அவர் கை வைத்தால் படுத்த மாடு எழுந்துவிடும். அவரைக் கை வைக்கவைப்பதுதான் பாடு. ஒருமுறை காய்ச்சல் கண்ட எருமையைக் கொண்டுவந்திருந்தார்கள். பின்பக்கம் தெர்மாமீட்டரைச் செருகியவர், பக்கத்து மாட்டின்மேல் ஒரு கரிச்சான் வந்து உட்கார்ந்ததும் பையிலிருந்து காகிதத்தை எடுத்துவிட்டார். இரட்டை வாலின் பிளவை அவர் தீட்டி முடிப்பதற்குள் எருமைக்கு அலுத்துவிட்டது. அரசாங்கச் சொத்தோடு வீட்டுக்குப் போய்விட்டது. மறுநாள் அதன் சொந்தக்காரர் தெர்மாமீட்டரை இலையில் சுற்றிக் கொண்டுவந்து, "டாக்டரே, உங்க கண்ணாடிக் குச்சி எங்க எருமையாண்டயே தங்கிப் போச்சுங்க" என்று பவ்யமாகக் கொடுத்தார்.

தூரிகைகளை அவரே செய்துகொள்வார். கன்றுக்குட்டியின் காதுக்குள் பட்டுப்போல முடி இருக்கும். அதைக் கத்தரித்து, மயில் இறகின் தண்டில் செருகி, நூலால் கட்டுவார். மலையில் எந்தக் கன்றுக்குட்டியாவது காது மொட்டையாகத் திரிந்தால், அது மருந்தகத்துக்குப் போய்வந்திருக்கிறது என்று அர்த்தம்.

அவர் வரைவது வாட்டர் கலரில் மட்டும்தான். மெட்ராசிலிருந்து வாங்கிவந்த ஒரு தகரப் பெட்டியில் சின்னச் சின்ன வில்லைகளாக வர்ணம் இருக்கும். முதலில் காகிதம் முழுவதையும் ஈரமாக்குவார். பிறகு தூரிகை நுனியால் ஒரு சொட்டு வைப்பார். அது தானாகப் பரவி, ஒரு மலையாகவோ மேகமாகவோ மாறும். "கலரு பாதி, தண்ணி பாதி கிளார்க்கு. தண்ணி அதுபாட்டுக்கு ஓடும். நாம சொம்மா வழிவுட்டா போதும்" என்பார். வரைந்து முடித்த படங்களை மருந்து வந்த மரப்பெட்டிகளில் வேப்பிலை போட்டு அடுக்கி, கட்டிலுக்குக் கீழே வைத்திருப்பார். யாருக்கும் கொடுக்க மாட்டார். ஒன்றிய அதிகாரியே தன் மகள் கல்யாணத்துக்கு ஒரு மயில் படம் கேட்டார். "மயிலு வேணும்னா நாளைக்கு விடிகாலைல வாங்க, நேர்லயே காட்டுறேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இதெல்லாம் மழை பெய்த காலத்துக் கதை.

நான் போன மறு வருஷம் மழை பொய்த்தது. அதற்கு அடுத்த வருஷமும் வரவில்லை. சாமைக் கொல்லைகள் முளைவிட்ட மட்டத்திலேயே கருகின. புளி பூவோடு கொட்டியது. ஓடைகள் வற்றி, மணலைத் தோண்டித் தோண்டி ஊற்றுக்குள் கொட்டாங்குச்சியால் மொண்டெடுக்கும் நிலைமை வந்தது. அந்த ஊற்றுக்கு ராணி சின்னப்பொண்ணு.

சின்னப்பொண்ணு பெயரில்தான் சின்னப் பெண். ஐம்பதை ஒட்டிய வயது, கட்டையான உடம்பு, மலையில் எந்த மூலையில் நின்று பேசினாலும் எல்லா மூலைக்கும் கேட்கிற குரல். யார் முன்னால், யார் பின்னால், யாருக்கு எத்தனை குடம் என்பதெல்லாம் அவள் வாய்ச்சொல்தான். எங்கள் வீட்டுக்கு அவள்தான் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவாள். இரண்டு பிரம்மச்சாரிகளுக்கும் சேர்த்து ஒரு குடம். ஒருநாள் குடத்தோடு உள்ளே வந்தவள், டாக்டர் ஒரு முழுத் தாளைத் தண்ணீர் தொட்டுத் தொட்டு நனைப்பதைப் பார்த்துவிட்டாள். குடத்தை இறக்கவே இல்லை.

"இன்னா சாரு இது? மாட்டுக்குத் தண்ணி காட்டச் சொல்லி உன்ன அனுப்பிச்சா, நீ காகிதத்துக்குத் தண்ணி காட்டிக்கினு இருக்கிற?"

"கொஞ்சம்தான் சின்னப்பொண்ணு. தோ, இந்த டம்ளர்ல பாதி."

"பாதி டம்ளர்ல எங்கூட்டு கோழி ரெண்டு நாளு பொழைக்கும்! உன் குருவி இன்னா, தண்ணி குடிச்சிட்டு முட்டையா வுடப்போவுது?"

அவள் கோபம் வந்தால் ஒருமையில் பேசுவாள், கோபம் இல்லாவிட்டால் 'ங்க' போடுவாள். அந்த வறட்சியில் அவள் வாயிலிருந்து 'ங்க' கேட்டு எங்களுக்கு ரொம்ப நாளாகியிருந்தது. அன்றோடு டாக்டரின் ஓவியத் தண்ணீர் நின்றது.

மனிதர் அசரவில்லை. டீக்கடையில் மிச்சம் வைத்த டீயை வாங்கிவந்து அதில் வரைந்தார். காய்ந்த மலைக்கு அந்த நிறம் அற்புதமாகப் பொருந்தியது. ஆனால் டீயில் சர்க்கரை இருப்பதை மறந்துவிட்டார். காலையில் பார்த்தால் வானம் பூராவும் எறும்பு. நான் துடைக்கப் போனேன். "வுடு, வுடு. தூரத்துல காக்கா கூட்டம் போற மாதிரி கீது" என்றார். சாயங்காலத்துக்குள் காக்காய்க் கூட்டம் ஒரு கௌதாரியின் தலையைத் தின்றுவிட்டது. பிறகு மோரில் வரைந்து பார்த்தார். வீடு மூன்று நாள் புளித்த வாடை அடித்தது. பஸ் டிரைவரிடம் கெஞ்சி ரேடியேட்டர் தண்ணீர் கொஞ்சம் வாங்கிவந்தார். அது மட்டும் ஒழுங்காக வேலை செய்தது. ஆனால் கியர் எண்ணெய்போல ஒரு வாடை.

இதன் நடுவில்தான் என் நாக்கு நீலமானது. ஒரு மத்தியானம் ஆபீசிலிருந்து வெயிலில் வெந்து வந்தேன். மேசைமேல் எவர்சில்வர் டம்ளர், அதில் தண்ணீர். யோசிக்கவே இல்லை, ஒரே மடக்கு. உள்ளேயிருந்து ஓடிவந்த டாக்டர், டம்ளரைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"யோவ்! பனங்காடையோட றெக்கைய குடிச்சிட்டியேய்யா!"

"விஷமா டாக்டர்?"

"விஷமா? அந்த நீலம் மறுபடி வருமாய்யா? எவ்ளோ கஷ்டப்பட்டுக் கலக்கினேன் தெரியுமா?"

நான் செத்துப்போவேனா என்பதைக் கடைசிவரை அவர் சொல்லவில்லை. மறுநாள் ஆபீசில் ஒன்றிய அதிகாரி எதையோ கேட்க நான் வாயைத் திறந்து பதில் சொல்ல, அவர் பயந்துபோய் எனக்கு இரண்டு நாள் லீவு கொடுத்தார்.

சிரிப்பெல்லாம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அவருடைய பெட்டியில் பச்சை வில்லை மட்டும் புதிதாக அப்படியே இருந்தது. மண் நிறமும் சிவப்பும் கரைந்து கரைந்து தகரம் தெரிந்தது. திருப்பத்தூருக்கு ஆபீஸ் வேலையாகப் போனபோது எனக்கு ஒரு கட்டளை போட்டிருந்தார். கடையில் போய், "மண் கலர் பெயின்ட் வேணும்" என்றேன்.

"செவுத்துக்கா, மாட்டுக் கொம்புக்கா?"

"படத்துக்கு."

"எந்த தியேட்டருக்கு?"

விளக்கிச் சொல்ல முடியாமல் ஒரு பொட்டலம் காவிப்பொடி வாங்கிவந்தேன். டாக்டர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதுக்கு எதுக்குய்யா திருப்பத்தூரு?" என்று சொல்லி, வெளியே போய் வற்றிக்கிடந்த குட்டையிலிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளிவந்தார். அதை அரைத்து, வேப்பம்பிசினில் குழைத்து, அந்த மண்ணாலேயே அந்தக் குட்டையை வரைந்தார். வெடித்த பாளங்கள், பட்டுப்போன ஒரு புளியமரம், அதன் ஒற்றைக் கிளையில் ஒரு பனங்காடை. சும்மா உட்கார்ந்திருக்கும்போது அதுவும் மண் நிறம்தான். றெக்கையை விரித்தால்தான் அந்த நீலம் தெரியும். அவர் வரைந்தது விரித்த கணத்தை. என் வயிற்றுக்குள் போனதற்குப் பதிலாக இன்னொரு முறை கலக்கிய நீலம். படம் முழுக்க வறட்சி, ஒரு கோடு மட்டும் நீலம். எனக்கு ஓவியம் தெரியாது. ஆனால் அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"டாக்டர், எந்தப் படத்துலயும் மாடே இல்லியே?"

அவர் தூரிகையைக் கழுவாமலே கீழே வைத்தார்.

"குருவி எங்கனா பறந்து போயிடும் கிளார்க்கு. மாடு இன்னா பண்ணும்? அத்த வரைய கை வரல" என்றார்.

அந்த வாரங்களில் திருப்பத்தூர்ச் சந்தை வியாபாரிகள் மலைக்கு வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். எலும்பு தெரிய நின்ற மாடுகளை அடிமாட்டு விலைக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். டாக்டர் ரோட்டோரம் நின்று, இறங்கிப்போகிற ஒவ்வொரு மாட்டையும் பார்ப்பார். எல்லாம் அவர் ஊசி போட்ட மாடுகள். தீவனம் கேட்டு அவர் மேலிடத்துக்கு எழுதாத நாள் இல்லை. பதில்தான் வரவில்லை.

கடைசியில் ஒருநாள், வறட்சியை நேரில் பார்க்க வேலூரிலிருந்து பெரிய அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்தது. அவர் பார்த்துத் தலையசைத்தால் வைக்கோல் வரும். இல்லாவிட்டால் மிச்ச மாடும் இறங்கிப் போய்விடும். நாங்கள் எல்லாவற்றையும் தயாராக வைத்தோம். காய்ந்த கொல்லை, வற்றிய ஓடை, எந்த வழியில் கூட்டிப்போவது என்பதெல்லாம் முடிவாயிற்று.

அவர் வருவதற்கு முதல் நாள் சாயங்காலம் மழை பெய்தது.

மழை என்றால் ஒரு மழையும் இல்லை. வாசலில் காயப்போட்ட துணி நனைகிற அளவுக்கு ஒரு கோடைச் சாரல். ஆனால் மலைக்கு அது போதும். காலையில் எழுந்து பார்த்தால் பாறை இடுக்கெல்லாம் பச்சை. தலைக்குக் குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டதுபோல ஜவ்வாது மலை ஜம்மென்று இருந்தது. ஒன்றிய அதிகாரி என்னைப் பார்த்து, ஏதோ ஃபைலைத் தொலைத்துவிட்டவனிடம் கேட்பதுபோல, "எங்கய்யா வறட்சி?" என்று கத்தினார்.

"நேத்து வரைக்கும் இருந்ததுங்க சார்."

அப்போதுதான் அவருக்கு டாக்டரின் படங்கள் நினைவுக்கு வந்தன. வறட்சி தொலைந்தால் என்ன, வறட்சியின் படங்கள் இருக்கின்றனவே! மருந்தகத்துக்குள் குறுக்கே கயிறு கட்டினோம். கிளிப் போட்டுப் படங்களை வரிசையாக மாட்டினோம். "பேச்சு முழுக்கத் தீவனத்தைப் பத்திதான் இருக்கணும்" என்று டாக்டரிடம் ஒன்றிய அதிகாரி கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். டாக்டர் சத்தியம் செய்யாத குறை. வெளியே மாட்டுக்காரர்கள் கூடி நின்றார்கள். சின்னப்பொண்ணு முன்வரிசையில்.

ஜீப் வந்தது. பெரிய அதிகாரி நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். இறங்கியதுமே சுற்றிலும் பார்த்து, "ரொம்பப் பசுமையா இருக்கே!" என்றார். ஒன்றிய அதிகாரியின் முகம் செத்தது. அவசர அவசரமாக மருந்தகத்துக்குள் அழைத்துப்போனோம். அவர் முதல் படத்தின் முன்னால் நின்றார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"அட! இது பனங்காடை இல்லையா?"

தொலைந்தோம்.

அத்தனை வருஷத்தில் டாக்டரிடம் ஒரு பறவையின் பெயரைச் சொல்லிக் கேட்ட முதல் ஆள் அவர். டாக்டரின் முகத்தில் பல்பு போட்டதுபோல வெளிச்சம். "ஆமா சார்! பனங்காடையேதான் சார்! ஒக்காந்தா ஒண்ணும் தெரியாது சார், பறந்தாத்தான் சார்!" என்று ஆரம்பித்தார். அங்கிருந்து மாங்குயில், மாங்குயிலிலிருந்து செம்போத்து, செம்போத்திலிருந்து தவிட்டுக் குருவி கூட்டமாகச் சண்டை போடுவது எப்படி என்று நடித்தே காட்டினார். அதிகாரியும் சின்ன வயதில் தோப்பில் பறவை பார்த்தவராம். இரண்டு பேரும் எங்களையெல்லாம் மறந்தே போனார்கள். ஒன்றிய அதிகாரி தொண்டையைக் கனைத்தார். இன்னொரு முறை, இன்னும் சத்தமாகக் கனைத்தார்.

"சாருக்குத் தொண்ட கட்டிக்கினு கீது. வெந்நி குடிங்க சார்" என்று சொல்லிவிட்டு, டாக்டர் தவிட்டுக் குருவியைத் தொடர்ந்தார்.

தீவனம் என்ற சொல் வரவே இல்லை. கடைசியில் அதிகாரி பனங்காடைப் படத்திடம் திரும்பிவந்து, "இந்தப் படத்தை நான் எடுத்துக்கட்டுமா?" என்று ஆசையாகக் கேட்டார்.

"தர மாட்டேன் சார்" என்றார் டாக்டர்.

அறையில் ஊசி விழுந்தால் கேட்டிருக்கும். மருந்தகம் என்பதால் ஊசிகள் நிறைய இருந்தன, ஒன்றும் விழவில்லை. அதிகாரி சிரித்து மழுப்பி, "சரி, சரி, பரவாயில்ல" என்று சொல்லிக்கொண்டே ஜீப்பை நோக்கி நடந்தார். ஒன்றிய அதிகாரி சுவரில் சாய்ந்துவிட்டார். எங்கள் மாடுகள் மலை இறங்குவது என் கண்ணுக்குத் தெரிந்தது.

ஜீப்பின் கதவை மறித்துக்கொண்டு சின்னப்பொண்ணு நின்றாள்.

"ஐயா, இன்னா இவ்ளோ தூரம் வந்துட்டு சும்மா போறீங்க? அந்தக் குருவி படத்துல பார்த்தா ஆச்சா? நெசமாவே பார்க்க வேணாமாங்க? தோ, அந்த மேட்டுக்கு அந்தாண்டதான் குட்ட. எட்டி நடந்தா வந்துடும்."

வறட்சி முழுக்கக் கேட்காத 'ங்க'! நான் அசந்துபோனேன். டாக்டரோ குழந்தைபோல் குதித்தார். "ஆமா சார்! இந்த நேரத்துக்கு அங்கதான் சார் ஒக்காந்திருக்கும்! வாங்க சார்!"

அதிகாரிக்கும் ஆசை விடவில்லை. எல்லோரும் நடந்தோம். டாக்டர் முன்னால், படத்தைக் கயிற்றிலிருந்து பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டு சின்னப்பொண்ணு பின்னால்.

குட்டை படத்தில் இருந்தபடியேதான் இருந்தது. விளிம்பில் மட்டும் மெல்லிய பச்சை. பட்ட புளியமரத்தில் பனங்காடையும் உட்கார்ந்திருந்தது. டாக்டர் விரலை உதட்டில் வைத்து எல்லோரையும் நிறுத்தினார். "தோ சார்... இப்ப பறக்கும் பாருங்க சார்... அந்த நீலம்..." என்று கிசுகிசுத்துக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

மரத்தடியில் ஒரு பசு படுத்திருந்தது. நேற்றைய ஈரத்தில் முளைத்திருந்த அந்தப் பச்சையை மேயப்போய், புல் பல்லில் சிக்காமல் மண்ணை நக்கியிருக்கிறது. வாயெல்லாம் செம்மண். எழ முயன்று, முன்னங்கால் மடங்கி, மறுபடி சரிந்தது.

டாக்டர் ஓடினார். வேட்டி முள்ளில் மாட்டிக் கிழிந்ததைக்கூடப் பார்க்கவில்லை. பசுவின் நெஞ்சுக்குக் கீழே தோளைக் கொடுத்து, "யோவ் கிளார்க்கு! வாலாண்ட புடி! ஒரு ஆளு தொடையில கை குடு! தூக்கு!" என்று கத்தினார். அந்தச் சத்தத்தில் பனங்காடை கிளம்பியது. எங்கள் தலைக்கு மேலேயே, றெக்கை முழுசாக விரிந்து, நீலமாய்ப் பறந்தது. நாங்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தோம். டாக்டர் பார்க்கவில்லை. பசுவின் விலாவில் கன்னத்தை வைத்து அழுத்தித் தூக்கிக்கொண்டிருந்தார். அவரோடு நான் இருந்த காலத்தில், ஒரு பறவை பறந்து அவர் நிமிராதது அன்றைக்கு மட்டும்தான்.

அதிகாரி வெள்ளைச் சட்டையோடு வந்து இன்னொரு பக்கம் கை கொடுத்தார். பசு முக்கி முனகி எழுந்து நின்றது. நாலு காலும் நடுங்கின. அதிகாரியின் சட்டையில் சேறு.

"இது யாரோட மாடு?"

"என்துதாங்க" என்றாள் சின்னப்பொண்ணு.

"தினமும் இப்படியா?"

"காலைல தூக்கி நிறுத்துவோம். பொழுது சாய படுத்துக்கும். மறுநாளு தூக்கி நிறுத்துவோம். வித்துடுன்னு எல்லாரும் சொல்றாங்க. எப்பிடிங்க விக்கறது? கறக்கறப்ப குடிச்சிட்டு, இப்ப ஓட்டி வுட்டுட முடியுமா?"

அதிகாரி ஜீப்புக்குத் திரும்பி வந்ததும் முதல் வேலையாக ஒன்றிய அதிகாரியைக் கூப்பிட்டு, "வைக்கோல் அனுப்பச் சொல்றேன். இந்த வாரமே வரும்" என்றார்.

ஜீப் கிளம்பும்போது டாக்டர் சின்னப்பொண்ணுவிடமிருந்து படத்தை வாங்கி, ஜன்னல் வழியாக அதிகாரியின் மடியில் வைத்தார்.

"வேணாம் டாக்டர். நீங்கதான் தர மாட்டேன்னீங்களே?"

"எனக்கு அந்தக் குருவி தெனம் கண்ணுல படும் சார். நீங்க வேலூருக்குப் போய் மறந்துட்டீங்கன்னா?"

அதிகாரி மறக்கவில்லை. ஆனால் டாக்டர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. பெண்ணைக் கட்டிக் கொடுத்த தகப்பன்போல, அந்தப் படம் இருந்த மரப்பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். "வேலூர்ல வெயிலு ஜாஸ்தி. வெளுத்துப் பூடுமா கிளார்க்கு?" என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார். "நல்ல எடம்தான் டாக்டர், நல்லா பார்த்துப்பாங்க" என்று நானும் சம்பந்தி வீட்டைப் பற்றிப் பேசுவதுபோலவே சமாதானம் சொன்னேன்.

கலசப்பாக்கம் பக்கத்து நெல் வயல்களிலிருந்து வைக்கோல் ஏற்றிக்கொண்டு முதல் லாரி முனகி முனகி மலையேறி வந்தபோது ஊரே திரண்டு நின்றது. கயிற்றை அவிழ்த்தார்கள். முதல் கட்டை இழுக்கப் போகிற நேரத்தில், "நிறுத்து!" என்று ஒரு கூச்சல். வைக்கோலுக்குள் ஒளிந்து மலையேறிவந்த சில்லைக் குருவிகள் இரண்டு, உச்சிக்கட்டில் உட்கார்ந்து ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தன. டாக்டர் பலகையோடு லாரியின் முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

"மாடு பட்டினி கெடக்குது, இவரு படம் போடுறாரு!" என்று டிரைவர் கத்தினான். எல்லோரும் சின்னப்பொண்ணுவைப் பார்த்தார்கள். அவள்தானே ராணி? அவள் இடுப்பில் கைவைத்து டாக்டரை முறைத்தாள். பிறகு டிரைவரைப் பார்த்து, "இன்னாய்யா பேஜாரு உனக்கு? பின்னாடி பக்கத்துலர்ந்து எறக்கு. முன்னாடி அவரு முடிச்சுக்கட்டும்" என்றாள்.

அவளுடைய பசு பிழைத்தது. அந்த ஆண்டு ஐப்பசியில் மழை சரியாகப் பிடித்துக்கொண்டது. மறு வருஷம் டாக்டருக்குக் கடலோரத்தில் ஏதோ ஒரு ஊருக்கு மாற்றல் வந்தது. நாரையும் உள்ளானும் நிறைய இருக்குமாம். அதனால் அழுதுகொண்டே சந்தோஷப்பட்டார். பஸ்ஸில் அவருக்கு முன்னால் மரப்பெட்டிகள் ஏறின. தேனும் சாமை அரிசியும் பலாப்பழமுமாக ஆளாளுக்குக் கொண்டுவந்து கொடுத்ததில் அவர் உட்கார இடமில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்ற என்னிடம், "உனக்கும் ஒரு படம் குடுக்கணும்னு ராத்திரியெல்லாம் எடுத்து எடுத்துப் பார்த்தேன் கிளார்க்கு. எத்த குடுக்கறதுன்னே முடிவு பண்ண முடியல" என்றார். அவர் முடிவு பண்ணுவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

அவர் இடத்துக்கு ஒரு புது டாக்டர் வந்தார். மணி அடித்தாற்போல மருந்தகம் திறந்தது. பெயர்ப் பலகை பளபளத்தது. தெர்மாமீட்டர் எதுவும் எந்த வீட்டுக்கும் போகவில்லை. ஒரு மாதம் கழித்து, தன் கன்றுக்குட்டிக்கு மருந்து வாங்கிக்கொண்டு வந்த சின்னப்பொண்ணுவிடம், "புது டாக்டர் எப்படி இருக்கார்?" என்று கேட்டேன்.

"நல்ல டாக்டருதாங்க. ஒரு கொறயும் சொல்ல முடியாது" என்றாள். கன்றின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டாள். "ஆனா இன்னாத்த சொல்றது... அவரு மாட்ட மட்டும்தான் பாக்குறாரு."

எனக்கும் அவரிடம் அந்த ஒரு குறைதான் இருந்தது.